லேசர் மேசையில் தேறுவது எப்படி: ஒளியியல் ஆய்வுக்கு வருபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய இயற்பியல் பட்டதாரி ஒருவரை லேசர் ஆய்வகத்தில் நிறுத்தி, "இந்த பீமை அந்த இரண்டு ஐரிஸ் வழியாகக் கொண்டுபோங்கள்" என்று சொன்னால் (பீம் என்பது ஒளிக்கற்றை, ஐரிஸ் என்பது விட்டத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய துளை) பெரும்பாலும் அரை நாள் போய்விடும். நேர்மாறானவர்களும் உண்டு. கை வேகமாக ஓடும், மேசையில் எல்லாம் அழகாக நிற்கும், ஆனால் லென்ஸைத் தாண்டியதும் புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டால் "சின்னதாகத்தான் இருக்கும்" என்பார்கள். ஆய்வுக் குழுக்கள் தேடுவது இரண்டும் ஓரளவுக்குச் சேர்ந்த ஆளை.

இந்தத் துறையில் ஒருவர் தேறிவிட்டாரா என்று பார்க்க ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து. மேசையில் பீம் போகும் பாதையில் ஏதாவது ஓர் இடத்தைத் தொட்டுக்காட்டி, இங்கே பீமின் விட்டம் என்ன, பவர் என்ன, போலரைசேஷன் (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) எந்தப் பக்கம், பல்ஸ் லேசர் என்றால் பல்ஸின் நீளம் என்ன என்று கேட்டால் எண்ணாகச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், எப்படி அளப்பேன் என்றாவது சொல்ல முடிகிறதா? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேரத்தான்.

முதல் படி: தேவையான கணக்கு மட்டும்

லேசர் கோட்பாடு என்று தேடினால் குவாண்டம் ஒளியியலில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். அது பிறகு வேண்டும், இப்போது வேண்டாம். ஆரம்பத்தில் நான்கு விஷயங்கள் கையில் இருந்தால் போதும்: காஸியன் பீம் (நடுவில் பிரகாசமாகவும் ஓரத்துக்குப் போகப்போக மங்கலாகவும் இருக்கும் பீம்), பீம் லென்ஸையும் வெற்றிடத்தையும் கடப்பதைக் கணக்கிடும் இரண்டுக்கு இரண்டு அணிகள், போலரைசேஷனுக்கான ஜோன்ஸ் முறை, லேசர் ஊடகத்தின் வீதச் சமன்பாடுகள்.

இதில் காஸியன் பீம்தான் தினமும் வந்து நிற்கும். பாடப்புத்தகத்தில் லென்ஸ் எல்லாக் கதிர்களையும் ஒரு புள்ளியில் குவிக்கும், மேசையில் அப்படி நடக்காது. ஃபோகஸ் புள்ளியின் ஆரம் தோராயமாக அலைநீளத்தைக் குவியத்தூரத்தால் பெருக்கி, அதை 3.14 மடங்கு உள்ளே வரும் பீமின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், பீம் ஆரம் 1 மில்லிமீட்டர், லென்ஸ் 100 மில்லிமீட்டர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், சுமார் 20 மைக்ரோமீட்டர் வரும். சரி, அந்தச் சின்னப் புள்ளி எவ்வளவு தூரத்துக்குச் சின்னதாகவே இருக்கும்? அதைச் சொல்வது ராலே நீளம். புள்ளி ஆரத்தின் வர்க்கத்தை 3.14 ஆல் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால், இங்கே சுமார் 2 மில்லிமீட்டர். உள்ளே வரும் பீமை இரண்டு மடங்கு அகலமாக்கினால் புள்ளி பாதியாகும், ராலே நீளம் நான்கில் ஒரு பங்காகி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிடும். மாதிரியை இனிமேல் கையால் தள்ளி ஃபோகஸில் வைக்க முடியாது, நகர்த்தும் ஸ்டேஜ் வேண்டும் என்ற முடிவு இந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடுகிறது. பொருள்கள் வாங்கும் முன்பே இதைப் போட்டுப் பார்ப்பவர்களைக் குழுத் தலைவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டாம் படி: கண்

பாதுகாப்புப் பயிற்சியை ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடும் சடங்காக நினைப்பவர்கள் நிறைய. லேசரில் இது இயற்பியல் பாடத்தின் ஒரு பகுதி. 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான ஒளி கண்ணுக்குள் புகுந்து விழித்திரையில் குவியும், அப்போது அதன் செறிவு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கூடும். இதில் 700க்கு மேலே போகப்போக நம் கண்ணுக்குத் தெரியாது, அல்லது மிக மங்கலாகத் தெரியும். 800 நானோமீட்டர் பீம் அட்டையில் மெல்லிய சிவப்புப் பொட்டாகத்தான் தெரியும், அதைப் பார்த்து பவர் குறைவு என்று நம்புவதுதான் ஆபத்து. 1064 நானோமீட்டரில் அந்தப் பொட்டுகூட இருக்காது, கண் சிமிட்டும் அனிச்சையும் உதவாது.

500 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட தொடர் லேசர்கள் நான்காம் வகுப்பில் வரும், அவற்றில் சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கண்ணுக்குக் கேடு செய்யலாம். ஆகவே பழக்கங்கள் இப்படி இருக்கட்டும்: கைக்கடிகாரம், மோதிரம் மேசைக்கு வரும் முன் கழற்றப்படும். பீம் போகும் உயரத்துக்குக் கண் ஒருபோதும் குனியாது, கீழே விழுந்த திருகை எடுப்பதானாலும் முதலில் பீமை மூடுவது, பிறகு பீமின் பக்கம் முகத்தைக் காட்டாமல் குனிவது. எந்த மிரரையும் லென்ஸையும் வைப்பதற்கும் எடுப்பதற்கும் முன் பீமை மறிப்பது. பீம் எங்கே முடிகிறதோ அங்கே அதை விழுங்கி நிறுத்தும் ஒரு டம்ப் இருப்பது.

பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். 532 நானோமீட்டருக்கான கண்ணாடி 800இல் ஒளியைத் தாராளமாக விட்டுவிடலாம், நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதன் மேல் அச்சிட்டிருக்கும் அலைநீள எல்லையையும் ஒளியடர்த்தி எண்ணையும் படியுங்கள். ஒளியடர்த்தி 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். "கண்ணாடி போட்டால் பீமே தெரியவில்லை, எப்படி அலைன் செய்வது", அதாவது பீமை எப்படி நேர்ப்படுத்துவது என்று கேட்பார்கள். அதற்குத்தான் ஒளிரும் அட்டையும் கேமராவும் இருக்கின்றன, முழு பவரில் அலைன் செய்யாமல் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

மூன்றாம் படி: கை

1 மில்லிவாட்டுக்குக் குறைந்த, கண்ணுக்குத் தெரியும் லேசர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் எம்6 துளைகள் வரிசையாக இருக்கும் (சில மேசைகளில் அங்குல அளவு, திருகு மாறிப்போனால் துளை பாழாகும், கலக்காதீர்கள்). இந்தத் துளை வரிசைதான் உங்கள் அளவுகோல். முதல் வேலை, பீம் முழுப் பாதையிலும் ஒரே உயரத்தில், துளை வரிசைக்கு இணையாகப் போக வேண்டும்.

இதற்கு இரண்டு மிரர், இரண்டு ஐரிஸ். முதல் ஐரிஸ் இரண்டாவது மிரருக்குக் கிட்ட, இரண்டாவது ஐரிஸ் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரத்தில். இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே துளை வரிசையில். மிரரைத் தாங்கும் மவுண்ட்டில் உள்ள திருகுகளை முதலில் நடு நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் திருகு தீர்ந்துபோகும். இப்போது முதல் மிரரைத் திருப்பிக் கிட்டத்து ஐரிஸின் நடுவில் பீமை வையுங்கள். இரண்டாவது மிரரைத் திருப்பித் தூரத்து ஐரிஸின் நடுவுக்குக் கொண்டுபோங்கள். அதைச் செய்ததும் கிட்டத்து ஐரிஸில் கொஞ்சம் விலகியிருக்கும், மறுபடி முதல் மிரர், மறுபடி இரண்டாவது. ஒவ்வொரு சுற்றிலும் விலகல் சுருங்கிக்கொண்டே வரும். மாற்றிச் செய்தால், அதாவது முதல் மிரரைத் தூரத்துக்கும் இரண்டாவதைக் கிட்டத்துக்கும் பயன்படுத்தினால், விலகல் வளர்ந்துகொண்டே போகும். ஒரு மணி நேரமாகத் திருகோடு மல்லுக்கட்டுபவரைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் நடந்துகொண்டிருக்கும். காரணம் எளிது: முதல் மிரர் இரண்டாவது மிரரில் பீம் எங்கே விழுகிறது என்பதை மாற்றுகிறது, இரண்டாவது மிரர் அங்கிருந்து எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்பதை மாற்றுகிறது. இடத்துக்கு ஒன்று, கோணத்துக்கு ஒன்று. மிரர் 1 மில்லிரேடியன் திரும்பினால் பீம் 2 மில்லிரேடியன் திரும்பும், 1 மீட்டர் தள்ளி 2 மில்லிமீட்டர் நகரும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால் திருகை எவ்வளவு தொட வேண்டும் என்பது விரலுக்குப் பழகிவிடும்.

அப்புறம் லென்ஸ். லென்ஸை வைத்த பிறகும் தூரத்து ஐரிஸில் வட்டத்தின் மையம் நகரக் கூடாது, அளவு மட்டும்தான் மாற வேண்டும். கூடவே லென்ஸின் இரண்டு பரப்புகளிலிருந்தும் மங்கலாகத் திரும்பி வரும் இரண்டு பிரதிபலிப்புகளைக் கிட்டத்து ஐரிஸின் பின்பக்கத்தில் பாருங்கள், பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் திருப்பி அனுப்பும் என்பதால் நன்றாகவே தெரியும். இரண்டும் ஒரே மையத்தில் வந்து துளையைச் சுற்றி விழுந்தால் லென்ஸ் நேராக நிற்கிறது. மையம் சரியாக இருந்து பிரதிபலிப்பு மட்டும் ஒதுங்கினால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது.

சுத்தம் செய்வதில் விதி ஒன்றுதான்: தேவையில்லாமல் செய்யாதே. முதலில் காற்று ஊதிப் பாருங்கள். போகவில்லை என்றால் லென்ஸ் தாளில் மெத்தனாலோ அசிட்டோனோ ஒரு சொட்டு விட்டு, பரப்பின் மேல் போட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பில் இழுப்பது. அதே தாளை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. விளிம்பு விளைவுக் கீற்றணியின் (கிரேட்டிங்) பரப்பையும், பாதுகாப்புப் பூச்சில்லாத தங்க மிரரையும் தாளால்கூடத் தொடவே கூடாது.

நான்காம் படி: அளப்பது

பவர் மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஃபோட்டோடையோடு வகை மீட்டரில் அலைநீளத்தைச் சரியாக அமைக்காவிட்டால் எண் தப்பாகும், அறை விளக்கின் பங்கைக் கழிக்காவிட்டாலும் தப்பாகும். வெப்ப வகை மீட்டர் அலைநீளத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது, ஆனால் மெதுவானது, நிலைக்கு வரச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும்.

ஃபோட்டோடையோடை ஆஸிலாஸ்கோப்பில் மாட்டும்போது புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிலிக்கான் டையோடு 800 நானோமீட்டர் பக்கத்தில் வாட்டுக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர் தரும். 1 மில்லிவாட் விழுந்தால் அரை மில்லிஆம்பியர். 50 ஓம் வழியாகப் போனால் 25 மில்லிவோல்ட், நல்ல சிக்னல். ஆஸிலாஸ்கோப்பின் 1 மெகாஓம் உள்ளீட்டில் நேரடியாக மாட்டினால் கணக்குப்படி 500 வோல்ட் வர வேண்டும், வராது, டையோடை இயக்கும் பேட்டரியின் மின்னழுத்தத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். திரையில் அசையாமல் நிற்கும் அழகான கோட்டைப் பார்த்து "லேசர் எவ்வளவு நிலையாக இருக்கிறது" என்று மகிழ்ந்துபோவார்கள். பாதி ஒளியை வடிகட்டியால் குறையுங்கள், சிக்னலும் பாதியாகிறதா பாருங்கள். எந்த டிடெக்டரை மாட்டினாலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

போலரைசேஷனுக்கு அரை அலைத் தகடும், பீமைப் போலரைசேஷன் வாரியாக இரண்டாகப் பிரிக்கும் போலரைசிங் பீம் ஸ்ப்ளிட்டரும் ஒரு ஜோடி. தகட்டை ஒரு கோணம் திருப்பினால் போலரைசேஷன் அதன் இரண்டு மடங்கு திரும்பும், ஆகவே 45 டிகிரிக்குள் பவரை முழுதிலிருந்து கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் எவ்வளவு மிச்சம் என்று எழுதி வையுங்கள், உங்கள் பீமின் போலரைசேஷன் எவ்வளவு சுத்தம் என்பதை அந்த மிச்சம் சொல்லும்.

ஐந்தாம் படி: ஒரு குறுக்கீட்டுமானியைக் கட்டுவது

ஒரு பீமை இரண்டு கைகளாகப் பிரித்து, மிரரில் பட்டுத் திரும்பியதும் மறுபடி சேர்க்கும் மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்திருப்பீர்கள், ஆனால் அது கட்டிவைத்த கருவி. தனித்தனிப் பாகங்களிலிருந்து நீங்களே கட்டுங்கள். சாதாரண ஹீலியம்-நியான் லேசரின் ஓரியல்பு நீளம் (அலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் தூரம்) சில பத்து சென்டிமீட்டர்தான் என்பதால் இரண்டு கைகளையும் ஏறக்குறைய சமமாக வைத்தால் குறுக்கீட்டு வரிகள் தெளிவாக இருக்கும். மிரர் 316 நானோமீட்டர் நகர்ந்தால் ஒரு வரி கடந்துபோகும். இதைக் கட்டி முடித்ததும் மேசை, கட்டடம், குளிரூட்டி, உங்கள் பேச்சு எல்லாம் எவ்வளவு அதிர்வைக் கொடுக்கின்றன என்பது கண்ணுக்கு முன்னால் ஆடும். ஒரு உயரமான மெல்லிய கம்பத்தில் மிரரை நிறுத்திப் பாருங்கள், பிறகு குட்டையான தடித்த கம்பத்துக்கு மாற்றுங்கள். மவுண்ட்டுக்கு ஏன் அவ்வளவு விலை என்று அப்புறம் கேட்க மாட்டீர்கள்.

ஆறாம் படி: ஒரு கிளையைப் பிடிப்பது

இதுவரை உள்ளது எல்லோருக்கும் பொது. இனி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்காமல் ஒன்றில் ஆழமாகப் போவது நல்லது.

ஒளியிழை வேலைக்குப் போனால், 800 நானோமீட்டர் பக்கத்தில் ஒற்றை மோடு இழையின் உள்ளகத்தில் ஒளி பரவும் விட்டம் வெறும் 5 மைக்ரோமீட்டர் அளவுதான். மூன்றாம் படியில் பழகிய அதே இரண்டு மிரர் வேலைதான் இங்கேயும், பொறுமை மட்டும் பத்து மடங்கு. இழையின் மறுமுனையிலிருந்து சிவப்பு ஒளியைப் பின்னோக்கி அனுப்பி, அதையும் உங்கள் பீமையும் இரண்டு இடங்களில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்தினால் முதல் சிக்னல் சீக்கிரம் கிடைக்கும். 70 சதவீதம் உள்ளே போனால் நல்ல வேலை.

அதிர்வெண் துல்லிய வேலை என்றால் ஒளிக்குழிகளும் (எதிரெதிர் மிரர்களுக்கு இடையில் ஒளி போய்வரும் அமைப்பு), லேசரை அவற்றின் ஒத்ததிர்வில் லாக் செய்வதும். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மிரர் என்றால் ஒத்ததிர்வுகள் 1.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக வரும், ஃபினெஸ் (ஒத்ததிர்வுகளின் இடைவெளி அவற்றின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) 10,000 என்றால் ஒவ்வொன்றின் அகலம் 150 கிலோஹெர்ட்ஸ். அந்த ஒடுக்கமான இடத்தில் லேசரைப் பிடித்து வைக்க 1983இல் வெளியான பவுண்ட்-டிரெவர்-ஹால் முறை இன்றைக்கும் வேலைக்காரன். இந்தப் பக்கம் வருபவருக்குப் பின்னூட்டக் கட்டுப்பாட்டு மின்னணுவியல் ஒளியியல் அளவுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அதிவேக லேசர்கள் என் விருப்பம், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பல்ஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு அகலமான நிறமாலை வேண்டும். 800 நானோமீட்டரில் 100 ஃபெம்டோ நொடி காஸியன் பல்ஸுக்குக் குறைந்தது 9.4 நானோமீட்டர் அகலம், 10 ஃபெம்டோ நொடிக்கு 94 நானோமீட்டர். இந்த அகலம்தான் வினையாக வரும், ஏனென்றால் கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருகிய சிலிக்காக் கண்ணாடி வழியாக 100 ஃபெம்டோ நொடி பல்ஸ் போனால் ஒன்றும் ஆகாது, 100 ஆகவே வெளியே வரும். 10 ஃபெம்டோ நொடி பல்ஸ் அதே கண்ணாடியைக் கடந்தால் சுமார் 50 ஆகிவிடும். ஒரு சாதாரண லென்ஸே உங்கள் பல்ஸை ஐந்து மடங்கு நீட்டிவிடும் என்றால், மேசையில் எத்தனை மில்லிமீட்டர் கண்ணாடி இருக்கிறது என்ற பட்டியல் உங்கள் நோட்டில் இருந்தே ஆக வேண்டும். இந்த நீட்சியையே வேண்டுமென்று செய்து, நீட்டிய பல்ஸைப் பெருக்கி, மறுபடி சுருக்குவதுதான் டோனா ஸ்டிரிக்லாண்டும் ஜெரார்ட் மூரூவும் 1985இல் காட்டிய முறை. 2018 நோபல் பரிசில் பாதி அதற்குத்தான்.

இந்தத் துறையில் நேரத்தை நீளமாகவே அளக்கிறோம். தாமத ஸ்டேஜில் மிரர் 1 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் ஒளி போய்வர 2 மைக்ரோமீட்டர் கூடுகிறது, அது 6.67 ஃபெம்டோ நொடி. பல்ஸை அதன் சொந்த நகலோடு மோதவிட்டு அளக்கும் தன்னொப்பீட்டுமானியை நீங்களே ஒருமுறை கட்டிவிட்டால், விலைக்கு வாங்கிய கருவி என்ன ஊகத்தின் பேரில் எண்ணைத் தருகிறது என்பது புரியும். முழுக் கட்ட விவரமும் வேண்டும் என்றால் ஒவ்வொரு தாமதத்திலும் நிறமாலையையும் பதியும் ஃப்ராக் போன்ற முறைக்குப் போக வேண்டும்.

ஏழாம் படி: மேசைக்கு வெளியே

பைத்தானில் கருவியோடு பேசவும், தரவைச் சேமிக்கவும், வளைகோட்டைப் பொருத்தவும் தெரிய வேண்டும். பல ஆய்வகங்களில் கருவிகளை இயக்கும் லேப்வியூ மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், அதைத் திறந்து படிக்கத் தெரிந்தால் போதும். லென்ஸ் வடிவமைப்புக்கு ஸீமேக்ஸ், இயந்திரப் பாகங்களுக்கு ஏதாவது ஒரு வரைகலை மென்பொருள். பீமைச் சீராக வெட்டி வெட்டி விடும் சாப்பரும், அந்த அதிர்வெண்ணில் வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியும் பயன்படுத்தும்போது சாப்பர் அதிர்வெண்ணை மின்சார வழங்கலின் மடங்குகளிலிருந்து தள்ளி வையுங்கள், 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் எதுவானாலும்.

நோட்டுப் புத்தகத்தில் தேதி, படம், எண், அறை வெப்பநிலை. நன்றாக வேலை செய்த நாளில்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போன அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்த நாளின் எண்கள்தான் வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதுவது

"லேசர் ஒளியியலில் நல்ல அனுபவம் உண்டு" என்ற வரியைப் படிப்பவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. "1 வாட் ஃபெம்டோ நொடி லேசரில் வேலை செய்தேன்" என்பதும் பாதிதான். 100 ஃபெம்டோ நொடி பல்ஸ்கள் நொடிக்கு 8 கோடி முறை வந்தால் ஒவ்வொன்றிலும் 12.5 நானோஜூல், உச்சத் திறன் 125 கிலோவாட். அதே 1 வாட் நொடிக்கு 1,000 பல்ஸாக வந்தால் ஒவ்வொன்றிலும் 1 மில்லிஜூல், உச்சத் திறன் 10 கிகாவாட். மீட்டரில் ஒரே எண், மேசையில் இரண்டு வேறு உலகங்கள். ஆகவே அலைநீளம், பல்ஸ் நீளம், ஆற்றல், நொடிக்கு எத்தனை என்று நான்கையும் எழுதுங்கள்.

அடுத்தது வினைச்சொல். பயன்படுத்தினேன், அலைன் செய்தேன், வடிவமைத்துக் கட்டினேன், இந்த மூன்றும் ஒன்றல்ல, நேர்காணலில் முதல் ஐந்து நிமிடத்தில் இது பிரிந்துவிடும். "அகச்சிவப்புப் பல்ஸின் அதிர்வெண்ணை இரட்டிக்கும் படிகப் பகுதியை நானே கட்டினேன், மாற்று விகிதம் இவ்வளவு, பெருக்கியை மூத்தவர் கவனித்தார்" என்று எழுதுபவர் மேல் நம்பிக்கை கூடுகிறது, குறைவதில்லை.

நேர்காணலில் நான் யாரையாவது கேட்பதாக இருந்தால் இதைத்தான் கேட்பேன்: நேற்று இருந்த பவரில் இன்று பாதிதான் மாதிரிக்கு வருகிறது, என்ன செய்வீர்கள்? உடனே "மிரரைத் திருப்புவேன்" என்பவர் மதியத்துக்குள் மேசை முழுவதையும் கலைத்துவிடுவார். நல்ல பதில் மீட்டரிலிருந்து தொடங்கும். அலைநீள அமைப்பை யாராவது மாற்றினார்களா, பூஜ்யம் சரியா, சென்சாரில் பீம் முழுதாக விழுகிறதா. பிறகு லேசரின் வாயிலேயே அளப்பது. அங்கே சரியாக இருந்தால் பாதையின் நடுவில் ஓரிடத்தில் அளந்து, நஷ்டம் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பிரித்துக்கொண்டே போவது. அரை அலைத் தகட்டை யாரும் தொட்டார்களா, ஐரிஸ் ஒன்று பாதி மூடிக் கிடக்கிறதா, ஏதாவது பரப்பில் எரிந்த புள்ளி இருக்கிறதா, படிகத்தின் வெப்பநிலை அமைத்தபடி நிற்கிறதா. லேசரின் வாயிலேயே பாதிதான் என்றால் அறை வெப்பநிலை, குளிர்விக்கும் நீர், பம்ப் (லேசருக்கு ஆற்றல் ஊட்டும் பகுதி) மின்னோட்டம் மூன்றையும் பழைய பதிவோடு ஒப்பிடுவது. அவை எல்லாம் சரியாக இருந்து பவர் மட்டும் இல்லை என்றால், லேசரின் மூடியைத் திறக்காமல் எண்களை எழுதிக்கொண்டு அந்த லேசருக்குப் பொறுப்பானவரைக் கூப்பிடுவது.